கல்லூரி விவாத மேடைக்குத் தயாராவது எப்படி?

விவாதப் போட்டிக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் குரலைத்தான் சரிசெய்யப் பார்க்கிறார்கள். உச்சரிப்பு, கையசைவு, மனப்பாடமாக நாலைந்து மேற்கோள். அதையெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். நடுவர் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. நீங்கள் பேசப் பேச அவர் குறிப்பெடுக்கிறார். எல்லாரும் பேசி முடித்து அறையை விட்டு வெளியே போனதும் தீர்ப்பு அந்தத் தாளை வைத்துத்தான். ஏழு நிமிடம் கணீரென்று முழங்கியும் தாளில் இரண்டு வரிதான் விழுந்தது என்றால் கடைசி இடம்தான். திணறித் திணறிப் பேசியவரின் காரணங்கள் ஒன்றுவிடாமல் ஏறியிருந்தால் அவர் முன்னால் போய்விடுவார். எனவே ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கேட்டவர் தாளில் என்ன எழுதினார்?

களம்

கல்லூரிகளில் பல வடிவங்கள் ஓடுகின்றன. அதிகம் புழங்குவது பிரிட்டிஷ் பார்லிமென்டரி, சுருக்கமாக பிபி. 1981-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாத சாம்பியன்ஷிப் இன்று இந்த வடிவத்தில்தான் நடக்கிறது. ஓர் அறையில் நான்கு அணிகள், அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 7 நிமிடம். தீர்மானம், அதாவது விவாதிக்க வேண்டிய தலைப்பு, அறிவிக்கப்பட்ட பிறகு தயாராக 15 நிமிடம். செல்போன், இணையம், பயிற்சியாளர் எதுவும் கூடாது. நீங்களும் கூட்டாளியும் மட்டும்.

இரண்டு அணிகள் அரசுத் தரப்பு, இரண்டு எதிர்த் தரப்பு. ஒவ்வொரு தரப்பிலும் முதலில் பேசும் அணி ஓப்பனிங், பின்னால் வரும் அணி க்ளோசிங். புதியவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான்: ஒரே தரப்பில் இருக்கும் இரண்டு அணிகளும் கூட்டணி இல்லை. நடுவர்கள் நான்கு அணிகளையும் 1 முதல் 4 வரை வரிசைப்படுத்தி 3, 2, 1, 0 என்று புள்ளி கொடுப்பார்கள். பக்கத்து மேசைக்காரரும் உங்களுக்குப் போட்டிதான். அதே சமயம் அவர் சொன்னதை நீங்கள் முறிக்கவும் கூடாது. இதுபோக ஒவ்வொரு பேச்சாளருக்கும் 50 முதல் 100-க்குள் தனி மதிப்பெண் உண்டு. 75 என்றால் நடுத்தரம்.

ஏஷியன் பார்லிமென்டரியில் இரண்டே அணிகள், அணிக்கு மூன்று பேர், மூன்று தீர்மானங்களில் ஒன்றை இரு அணிகளும் விருப்ப வரிசைப்படி தேர்ந்து 30 நிமிடம் தயாராவார்கள். கடைசியில் அணிக்கு ஒன்றாக, தொகுத்து முடிக்கும் 4 நிமிட ரிப்ளை பேச்சு. பிபியில் தேர்ந்தவர் இதில் சமாளித்துவிடுவார் என்பதால் இனி பிபியை வைத்தே பேசலாம்.

தீர்மானத்தை வாசிப்பது

தோற்ற விவாதங்களில் பாதி, தீர்மானத்தின் வினைச்சொல்லைக் கவனிக்காததால் தோற்றவை. "இந்த அவை செய்யும்" என்று முடிந்தால் அது கொள்கைத் தீர்மானம். அரசுத் தரப்பு ஒரு திட்டம் வைக்க வேண்டும்: யார் செய்வார், யாருக்குப் பொருந்தும், மீறினால் என்ன. இங்கே எதிர்த் தரப்பு "இதை எந்த அரசாங்கமும் நிறைவேற்றாது" என்று வாதிடுவது வீண். நிறைவேறிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அதற்குப் பின் உலகம் மேம்படுமா மோசமாகுமா என்பதுதான் சண்டை.

"என்று இந்த அவை நம்புகிறது" என்றால் திட்டம் கட்டாயமில்லை. எந்த அளவுகோலால் அளப்பது என்பதை நிறுவ வேண்டும். "வருந்துகிறது" என்றால் அந்த விஷயம் உருவாகாமலே போயிருந்தால் அதன் இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று வரைந்து காட்ட வேண்டும். வருந்தும் தீர்மானத்தில் "இனிமேல் தடை செய்வோம்" என்று பேசும் அணி, கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிய மாணவனைப் போலத்தான். "இந்த அவை, இன்னாராக இருந்து, செய்யும்" என்று வந்தால் ஊருக்கு நல்லதா என்பது இரண்டாம்பட்சம். அந்த இன்னாருக்கு அது உகந்ததா என்பதே கேள்வி.

அந்த 15 நிமிடத்தைக் கூட்டாளியோடு அரட்டையில் கரைப்பது எளிது. முதல் 2 நிமிடம் இருவரும் பேசாமல் தனித்தனியாக எழுதுங்கள். உடனே பேசத் தொடங்கினால் குரல் உயர்ந்தவரின் முதல் யோசனையே இருவரின் யோசனையாகிவிடும். அடுத்த 3 நிமிடம் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு வலுவான இரண்டு வாதங்களை எடுங்கள். 5 முதல் 11-ஆம் நிமிடம் வரை அந்த இரண்டையும் "ஏன்?" கேட்டுக் கேட்டுத் தோண்டுங்கள். மிச்ச 4 நிமிடத்தில் தத்தம் பேச்சைத் தாளில் இறக்கி, எதிரணி சொல்லப்போகும் மிக வலுவான வாதம் எது, அதற்கு நம் பதில் என்ன என்பதை ஒரு வரியில் முடிவுசெய்யுங்கள். க்ளோசிங்கில் இருந்தால் கணக்கு வேறு. ஐந்தாறு வாதங்களாவது பட்டியலிட வேண்டும். முதல் மூன்றை ஓப்பனிங் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டு மீதியை ஆழப்படுத்த வேண்டும்.

ஒரு வாதம் எப்படி எழும்புகிறது

எடுத்துக்காட்டுக்கு ஒரு தீர்மானம்: "கல்லூரிகளில் வருகைப்பதிவுக் கட்டாயத்தை இந்த அவை நீக்கும்." அரசுத் தரப்பில் முதல் வாதமாகப் புதியவர் ஒருவர் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்: "மாணவர்கள் பெரியவர்கள். அவர்களுக்குச் சுதந்திரம் வேண்டும். சுதந்திரம் இருந்தால் பொறுப்பு வரும். பொறுப்பு வந்தால் நன்றாகப் படிப்பார்கள்." கேட்க நன்றாக இருக்கிறது. நடுவர் தாளில் "சுதந்திரம் → பொறுப்பு?" என்று ஒரு வரி விழும், கேள்விக்குறியோடு. ஏன் பொறுப்பு வரும் என்று அவர் சொல்லவே இல்லை.

அதே தரப்பில் வேறொரு வாதத்தைப் படிப்படியாகக் கட்டிப் பார்க்கலாம். கட்டாயத்தை எடுத்தால் வகுப்பின் தரம் உயரும் என்பது கூற்று. இன்று பாடம் எப்படி நடத்தினாலும் இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. நடத்துபவர் நன்றாக நடத்துகிறாரா இல்லையா என்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இது முதல் படி, இன்றைய நிலை. கட்டாயம் போனால் மோசமான வகுப்பு காலியாகும், நல்ல வகுப்பு நிரம்பும். வேறுபாடு முதன்முறையாக வெளியே தெரியும். இது மாற்றம். சரி, காலி வகுப்பைப் பார்த்து ஆசிரியர் ஏன் மாற வேண்டும்? துறைத் தலைவருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த பருவத்தில் எந்தப் பாடம் யாருக்கு என்று பிரிக்கும்போது அது கணக்கில் வரும். யாருமில்லாத அறையில் பேசுவது யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். இது உந்துதல். புதியவர்கள் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். கடைசியாக எடை: சோம்பேறி மாணவர் சிலர் வராமல் போவார்கள், உண்மைதான், ஆனால் அவர்கள் இன்றும் உடம்பை மட்டுமே கொண்டுவந்து உட்கார்த்துகிறார்கள். அங்கே இழப்பு சிறிது. தரம் உயர்ந்தால் பயன் வகுப்பிலுள்ள அனைவருக்கும்.

இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். எனவேதான் 7 நிமிடப் பேச்சில் இரண்டு வாதங்களுக்கு மேல் வைக்க முடியாது. நான்கு வாதங்களை ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஓட்டுபவர் உண்மையில் ஒரு வாதமும் வைக்கவில்லை. நான்கு தலைப்புகளை வாசித்திருக்கிறார்.

எழுதிய ஒவ்வொரு வரியிலும் இதைச் சோதியுங்கள்: இது ஏன் நடக்கும்? சம்பந்தப்பட்டவர் ஏன் அப்படி நடந்துகொள்வார், அவருக்கு அதில் என்ன லாபம்? இன்றே இது நடந்துகொண்டுதானே இருக்கிறது? நடந்தால் யாருக்கு, எவ்வளவு? எதிர்த் தரப்பின் உலகில் ஏன் இது கிடைக்காது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வாதம் உண்மையாகவே இருந்தாலும் பயனில்லை. இரண்டு உலகத்திலும் இருக்கும் நன்மை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும்.

உதாரணம் வேறு, காரணம் வேறு. "அந்த நாட்டில் இப்படிச் செய்தார்கள், வெற்றி" என்று சொன்னால் நடுவர் அதைக் குறித்துக்கொள்வார். அங்கே ஏன் வெற்றி பெற்றது, அதே காரணம் இங்கும் இருக்கிறதா என்று சொல்லாவிட்டால் எடை போடமாட்டார். செய்தி வாசிக்கும் பழக்கமுள்ள, ஆனால் எந்தத் துறையிலும் நிபுணரல்லாத ஒருவரின் மனநிலையில்தான் நடுவர் உட்கார்ந்திருக்கிறார். புள்ளிவிவரத்தை அள்ளிவீசி அவரை மிரட்ட முடியாது. பொய்யான எண்ணைச் சொன்னால் அறையில் ஒருவருக்காவது தெரிந்துவிடும்.

மறுப்பு

மேலே கட்டிய வாதத்துக்கு எதிர்த் தரப்பு "மாணவர்கள் ஊர் சுற்றுவார்கள்" என்று பதில் சொன்னால் அது மறுப்பே அல்ல. அதை அரசுத் தரப்பே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. நல்ல மறுப்பு காரணச் சங்கிலியில் பலவீனமான கண்ணியைத் தேடும். முதலில் வகுப்பை விட்டு விலகுவது யார்? பகுதிநேர வேலை பார்ப்பவர். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர், ஒரு மாதம் வராமல் போனால் தேர்வில் என்னாகும் என்று சொல்லித்தர யாருமில்லாதவர். கட்டாயம் இருப்பதால்தான் வேலை கொடுப்பவரிடம் "காலேஜ் போயே ஆகணும்" என்று அவரால் சொல்ல முடிகிறது. எனவே அறை காலியாவது மோசமான ஆசிரியரைக் காட்டாது, நெருக்கடியில் இருக்கும் மாணவரைத்தான் காட்டும். அரசுத் தரப்பு சொன்ன அடையாளமே தவறாகிறது. அடுத்து, "அப்படியே ஆசிரியர் மாறுவார் என்று வைத்துக்கொண்டாலும்" அதற்குப் பல பருவங்கள் ஆகும். இந்த மாணவரின் இழப்பு இந்தப் பருவத்திலேயே, திரும்பப் பெற முடியாதது.

கவனித்துப் பாருங்கள், இதில் இரண்டு அடுக்குகள் உள்ளன. முதலில் வாதம் உண்மையில்லை என்பது. பிறகு, உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் நம் பக்கத்தின் பாதிப்பே பெரிது என்பது. முதல் அடுக்கோடு நின்றுவிடுபவர்களே அதிகம். நடுவருக்கு முதல் அடுக்கில் முழு நம்பிக்கை வராவிட்டால் அவர் கையில் வேறொன்றும் மிஞ்சாது. "அப்படியே வைத்துக்கொண்டாலும்" என்ற சொற்றொடரைத் தாளின் மேல்மூலையில் எழுதிவைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது மெலியவைத்துச் சொல்லாதீர்கள். நடுவரின் தாளில் அவர் சொன்னது முழுதாக இருக்கிறது. நீங்கள் பொம்மையை அடிக்கிறீர்கள் என்பது அவருக்கு உடனே தெரியும். உதாரணத்தை மட்டும் தாக்கிவிட்டு உட்காருவதும் இதே வகைப் பிழை. உதாரணம் போனாலும் காரணம் நின்றுகொண்டிருக்கும்.

குறிப்புத் தாள்

ஏ3 தாள் ஒன்று, இல்லையென்றால் ஏ4 இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். அகலவாட்டில் வைத்து எட்டுப் பத்திகளாக மடியுங்கள், பேச்சாளருக்கு ஒன்று. இரண்டு நிறப் பேனா: அவர்கள் சொன்னது ஒரு நிறம், அதற்கு நீங்கள் சொல்லப்போகும் பதில் இன்னொரு நிறம், அதே வரியில் பக்கத்தில். சொற்களை எழுதாதீர்கள், காரணங்களை எழுதுங்கள். "ஆசிரியர்-உந்துதல்-து.தலைவர்" என்று மூன்று துண்டு போதும். யார் எதற்குப் பதில் சொன்னார் என்பதற்கு அம்புக்குறி. விவாதம் பாதி கடந்ததும் எந்தப் பெட்டியிலிருந்து அம்பே போகவில்லை என்று பாருங்கள். பதில் சொல்லப்படாத வாதங்கள் அங்கேதான் கிடக்கும். க்ளோசிங் அணிக்கு அதைவிடப் பெரிய சொத்து இல்லை.

இந்தத் தாளில் தேர்வதற்கு மேடை தேவையில்லை. உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிகளின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றைப் போட்டு, முழுதாகக் குறிப்பெடுத்து, தீர்ப்பைக் கேட்பதற்கு முன்பு நான்கு அணிகளையும் நீங்களே வரிசைப்படுத்தி ஐந்து வரியில் காரணம் எழுதுங்கள். பேச்சாளராக வேகமாக முன்னேறுபவர்கள் பெரும்பாலும் நடுவராகவும் உட்கார்ந்து பழகியவர்கள்தாம்.

இடைமறிக்கும் கேள்வி

பிஓஐ (பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்) என்று எல்லாரும் சொல்வது. பேச்சின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பாதுகாக்கப்பட்டவை; 1-ஆம் நிமிட மணிக்கும் 6-ஆம் நிமிட மணிக்கும் இடையில், பேசுபவருக்கு எதிரே இருக்கும் தரப்பினர் கேள்வி கேட்க எழலாம். ஏற்றால் 15 வினாடிக்குள் கேட்டு உட்கார வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம். ஆனால் ஒன்றுகூட ஏற்காமல் போனால் ஓடி ஒளிகிறார் என்ற எண்ணம் நடுவருக்கு வரும். ஒன்று போதும், மூன்று ஏற்றால் பேச்சு உங்கள் கையில் இருக்காது.

எப்போது ஏற்பது? ஒரு வாதத்தைக் கட்டி முடித்த இடத்தில், ஏறக்குறைய 3-ஆம், 4-ஆம் நிமிடத்தில். பாதி கட்டிய வாதத்தின் நடுவே ஏற்றால், அடுத்த வரியில் நீங்களே சொல்லப்போவதைத்தான் அவர் கேள்வியாக்குவார். அதே போல ஏற்றுக்கொண்ட கேள்விக்கு 20, 30 வினாடிக்குள் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தைப் பெயர் சொல்லித் தொடருங்கள்: "இரண்டாம் வாதத்துக்கு வருகிறேன்."

கேட்பவருக்கு ஒரே வாக்கியம். "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்பது எதிராளிக்குக் கொடுக்கும் இலவச நேரம். அவர் எந்தப் பதில் சொன்னாலும் இடிக்கும்படி இருக்க வேண்டும்: "வேலைக்குப் போகும் மாணவர் வகுப்புக்கு வராவிட்டால், அதை வைத்து ஆசிரியர் எதைத் திருத்திக்கொள்வார்?" க்ளோசிங்கில் இருப்பவர்களுக்கு பிஓஐ உயிர்நாடி. அரைமணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் நடுவர் உங்களை மறந்துவிடுவார். பின்னால் நீங்கள் கொண்டுவரப்போகும் கோணத்தின் வால்நுனியை இப்போதே ஒரு கேள்வியில் காட்டிவையுங்கள்.

பின்பாதி

க்ளோசிங்கில் முதலில் பேசுபவர் எக்ஸ்டென்ஷன், அதாவது ஓப்பனிங் தராத கூடுதல் பங்கு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அது முற்றிலும் புது வாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓப்பனிங் கூற்றாகச் சொல்லிவிட்டுப் போனதற்குக் காரணம் கட்டினாலும் எக்ஸ்டென்ஷன்தான். அவர்கள் தொடாத ஒரு பிரிவினரை எடுத்துப் பேசினாலும் அப்படியே. எதுவானாலும், "ஓப்பனிங் இதுவரை சொன்னது இது, நாங்கள் கூடுதலாகத் தருவது இது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நடுவர் உங்கள் வாதத்தை ஓப்பனிங் கணக்கில் வரவு வைத்துவிடக்கூடும்.

விப் என்பவர் க்ளோசிங்கில் இரண்டாவதாக, தன் தரப்பில் கடைசியாகப் பேசுபவர். புது வாதம் கொண்டுவருவது எதிர்த்தரப்பு விப்புக்குக் கூடவே கூடாது. அவருக்குப் பின் பதில் சொல்ல ஆளே இல்லை. அரசுத் தரப்பு விப்பும் அதை நம்பி இறங்கக் கூடாது. முன்னால் பேசிய எல்லாரும் சொன்னதை வரிசையாக ஒப்பிப்பது விப்பின் வேலையில்லை. விவாதம் எந்த இரண்டு மூன்று கேள்விகளில் மோதியது என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் யார் ஏன் முந்தினார், அதில் தன் க்ளோசிங் கூட்டாளி சொன்னது எப்படித் தீர்மானித்தது என்று காட்ட வேண்டும்.

ஓப்பனிங் சொன்னது தவறு என்று பட்டாலும் அதற்கு நேர்மாறாகப் பேசாதீர்கள். வேறு வாசல் தேடிக்கொள்ளுங்கள்.

பேசும்போது

எதிர்க்கட்சித் தலைவர் (எதிர்த் தரப்பு ஓப்பனிங்கில் முதலில் பேசுபவர்) இடத்துக்கு ஒரு நேரக் கணக்கு: முதல் அரை நிமிடத்தில் நிலைப்பாடும் வரிசையும், 2:30 வரை மறுப்பு, 6:30 வரை இரண்டு வாதங்கள், கடைசி அரை நிமிடம் எடை. பின்னால் பேசுபவருக்கு மறுப்பு நீளும், வாதம் குறுகும். ஸ்டாப்வாட்ச் உங்கள் கையில் இருக்கட்டும்; நேரம் காட்டுபவரை நம்பி இருக்காதீர்கள். 7 நிமிட மணி அடித்த பிறகு 15 வினாடி வாக்கியத்தை முடிக்க மட்டும்; அதற்கு மேல் சொல்வது எதுவும் தாளில் ஏறாது.

முழு வாக்கியமாக எழுதி வாசிக்காதீர்கள். வாசிக்கும் குரல் ஒரே தளத்தில் ஓடும், கண் தாளை விட்டு எழாது, ஒரு வரி தவறினால் மொத்தமும் தடம் புரளும். காரணத்துக்கு ஒரு சொல், உதாரணத்துக்கு ஒரு சொல், பெரிய எழுத்தில்.

வேகம் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எல்லா இடத்திலும் ஒரே வேகம் என்பதுதான் பிரச்சினை. வாதத்தின் தலைப்பை மெதுவாகச் சொல்லி இரண்டு வினாடி நிறுத்துங்கள். நடுவர் எழுதி முடிக்கும் நேரம் அது. உதாரணத்தில் வேகமெடுக்கலாம். எடைபோடும் இடத்தில் மறுபடி மெதுவாக. நடுவரின் பேனாவைப் பாருங்கள்: நீங்கள் முக்கியமானதைச் சொல்லும்போது அது நின்றுகொண்டிருந்தால் ஏதோ புரியவில்லை, வேறு சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டு நகருங்கள். கூச்சலிடுவதால் யாரும் அதிகம் எழுதிக்கொள்வதில்லை.

தனிநபர் பேச்சுப் பிரிவுகள்

அமெரிக்கக் கல்லூரிச் சுற்றுகளில் விவாதத்தோடு தனிநபர் பிரிவுகளும் பெரிய அளவில் நடக்கின்றன. எக்ஸ்டெம்ப் பிரிவில் நடப்பு நிகழ்வு பற்றிய மூன்று கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்து, 30 நிமிடம் தயாராகி, 7 நிமிடம் பேச வேண்டும். கேள்விக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று முதல் நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். பின் மூன்று காரணங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், எடுத்த தகவலுக்கு இதழின் பெயரும் தேதியும். தயாரிக்கும் 30 நிமிடத்தில் கடைசி 10 நிமிடம் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துப் பேசிப் பார்க்க வேண்டும். படிப்பதிலேயே 28 நிமிடம் போக்கியவர் மேடையில் தகவலைத் தேடிக்கொண்டிருப்பார்.

இம்ப்ராம்ப்டுவில் தயாரிப்பும் பேச்சும் சேர்த்தே 7 நிமிடம். மேற்கோளோ ஒற்றைச் சொல்லோ வரும். ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்துக்குள் எழுந்துவிடுங்கள். அந்த வரிக்கு நீங்கள் கொள்ளும் பொருள், அது சரியா தவறா, இரண்டு உதாரணங்கள். வரலாறு, அறிவியல், விளையாட்டு என்று வேறுவேறு துறைகளில் இருபது முப்பது உதாரணங்களை ஆழமாகத் தெரிந்துவைத்திருப்பவர் தப்பிப்பார். ஆனால் எந்த மேற்கோள் வந்தாலும் அதே இரண்டு கதையை நுழைப்பவரை நடுவர்கள் இரண்டாம் சுற்றிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இலக்கியப் பகுதியை நடித்து வாசிக்கும் பிரிவில் 10 நிமிடம், நீங்களே எழுதிய முன்னுரையும் அதற்குள் அடக்கம். கறுப்பு அட்டைக் கோப்பில் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு செய்வது. இங்கே வேலையில் பாதி வெட்டுவதுதான்: நீண்ட கதையைச் சுருக்கும்போது துணைப் பாத்திரங்களை முதலில் நீக்குங்கள், உச்சக் காட்சியைத் தொடாதீர்கள். இரண்டு பாத்திரம் பேசினால் ஒவ்வொருவருக்கும் பார்வைத் திசை ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் சற்று இடப்பக்கம், மற்றவர் சற்று வலப்பக்கம். திசை குழம்பினால் யார் பேசுகிறார் என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. 9:30-ல் முடியும்படி வெட்டுங்கள். மேடையில் இடைவெளிகள் தாமாக நீளும்.

வாரப் பயிற்சி

வாரத்துக்கு இரண்டு முழு விவாதம் போதும். ஐந்தாறு நடத்தினால் பழைய பிழைகள்தான் இறுகும். பலன் தருவது மறுபேச்சு: விவாதம் முடிந்து கருத்துக் கேட்ட அன்றே, அதே பேச்சை, அதே இடத்தில் இருந்து திருத்தி மறுபடி 7 நிமிடம் பேசுவது. சலிப்பாக இருக்கும், யாரும் செய்ய விரும்புவதில்லை, இதைவிட வேகமாகத் திருத்தும் பயிற்சியும் இல்லை.

தனியாக இருக்கும்போது ஒரு வாதத்தை எடுத்து 4 நிமிடம் பேசுங்கள், பின் அதையே 2 நிமிடத்தில், பின் 1 நிமிடத்தில். சுருங்கச் சுருங்க எது எலும்பு எது சதை என்று தெரியும். இன்னொன்று: கூட்டாளி ஒரு கூற்றைச் சொல்ல, பத்து வினாடிக்குள் மறுப்பைத் தொடங்க வேண்டும், இரண்டு அடுக்கோடும். பதினைந்து நிமிடம் இப்படி ஆடினாலே மூளை களைத்துப்போகும்.

படிப்பது செய்திக்காக மட்டும் வேண்டாம். ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், மத்திய வங்கி, சிறைச்சாலை, சமூக ஊடகம், அமைதிப்படை என்று. ஒவ்வொரு பக்கத்திலும் இதில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எது லாபம் எதற்குப் பயம், உறுதியாகத் தெரிந்த இரண்டு உதாரணங்கள். தேதிகளையும் எண்களையும்விட இந்த லாப-பயப் பட்டியல்தான் 15 நிமிடத்தில் கைகொடுக்கும்.

கூட்டாளியை நட்புக்காகத் தேராதீர்கள், பயிற்சிக்குத் தவறாமல் வருபவரைத் தேருங்கள். ஒரு பருவமாவது ஜோடியை மாற்றாமல் இருங்கள். யார் முதலில் பேசுவது என்பதை மட்டும் முதல் சில மாதம் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

தீர்ப்புச் சொன்னபின் நடுவரிடம் போய் "நாங்கள் ஏன் மூன்றாவது?" என்று கேட்டால் அவர் ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொல்வார். "எங்கள் இரண்டாம் வாதத்தில் எந்தப் படி உங்களுக்கு நம்பும்படி இல்லை?", "எங்களுக்கு மேலே இருந்த அணியை முந்த எதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வார், அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வாதாட வேண்டாம், முடிவு மாறாது, அடுத்த சுற்றுக்கு நேரமும் போய்விடும். பெரிய போட்டிகளில் கடைசி சில சுற்றுகளின் முடிவை அறிவிக்காமல் மூடிவைப்பார்கள். அப்போது உட்கார்ந்து புள்ளிக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, புதுத் தாளை எட்டாக மடித்துவையுங்கள்.